இருபது நிமிடம்

காணும் பொங்கல் அன்று மதியம். சாப்பிட்டுவிட்டு வீடே படுத்துக் கிடந்தது. நான் மட்டும் திண்ணையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். சென்னையில் ஒரு கல்லூரியில் அரசியல் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். தமிழ்வழி இளங்கலை மூன்றாம் ஆண்டுக்குப் பன்னாட்டு உறவுகள் தாள் என்னுடையது. விடுமுறை முடிந்து திரும்பும்போது மதிப்பெண் பட்டியலோடு போகவேண்டும்.

அண்ணன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பெரியப்பா மகன். சிக்னல் பிரிவில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்று, இப்போது வேலூரில் ஒரு வங்கி வாசலில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கிறார். எங்கள் ஊர்ப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பது அதிசயமில்லை. கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் 'எக்ஸ் சர்வீஸ்மேன்' என்று போடுவது, மற்ற ஊர்களில் பி.ஏ. பி.எட். போடுவது மாதிரி.

மேலே இருந்த ஒரு தாளை எடுத்து, கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

"ஐ.நா. அமைதிகாப்பு நடவடிக்கைகளைப் பன்னாட்டு உறவுக் கோட்பாடுகளின் துணையுடன் ஆராய்க. பதினைந்து மதிப்பெண்." நிமிர்ந்து பார்த்தார். "பாப்பா, இது நாங்க போனோமே, அதுவா?"

"அதேதாண்ணா."

"அதுக்குத் தியரி எல்லாம் இருக்குதா?"

இருக்கிறது என்றேன். முழுத்தாளையும் படித்தார். படித்து முடித்து, "நல்லாத்தான் எழுதியிருக்கான் பையன். ஆனா இதுல கேட்டே இல்லையே" என்றார்.

கேட் என்றால் வாசற்கதவு. முகாமின் இரும்புக் கேட். அவர் எதைச் சொல்கிறார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

*

முதலில் அந்தப் பையன் என்ன எழுதியிருந்தான் என்று சொல்லிவிடுகிறேன். நான் வகுப்பில் சொன்னதைத்தான் எழுதியிருந்தான்.

அரசுகளுக்கு மேலே ஒரு நாட்டாமை கிடையாது. அடித்தால் போய்ச் சொல்ல போலீஸ் ஸ்டேஷன் கிடையாது. ஆகவே ஒவ்வொரு அரசும் தன்னைத்தான் முதலில் பார்த்துக்கொள்ளும் என்பது யதார்த்தவாதம். கென்னத் வால்ட்ஸ் 1979-இல் எழுதிய புத்தகம் இதற்கு ஒரு கோனார் நோட்ஸ் மாதிரி. எல்லோரும் அதிலிருந்துதான் தொடங்குவோம். இதன் கண்ணாடி வழியாக அமைதிப்படையைப் பார்த்தால் பல விஷயங்கள் சட்டென்று விளங்கும். செச்னியாவுக்கு ஏன் நீலத் தொப்பி போகவில்லை? வியட்நாமுக்கு ஏன் போகவில்லை? பாதுகாப்பு சபையில் வீட்டோ வைத்திருக்கும் ஐந்து பேரின் வாசலுக்கு யாரும் போகமுடியாது, அவ்வளவுதான். யார் காசு தருகிறார்கள், யார் ஆள் தருகிறார்கள் என்று பார்த்தாலும் அப்படித்தான். அமைதிகாப்பு பட்ஜெட்டில் கால்பங்குக்கு மேல் அமெரிக்கா செலுத்தவேண்டும் என்பது கணக்கு. ஆனால் சிப்பாய்கள் நேபாளம், பங்களாதேஷ், ருவாண்டா, இந்தியா, பாகிஸ்தான், எத்தியோப்பியா போன்ற நாடுகளிலிருந்து. 2018-இல் ஒரு சிப்பாய்க்கு மாதம் 1,428 டாலர் என்று நிர்ணயித்தார்கள். அது சிப்பாயின் கைக்கு அல்ல, அவனுடைய அரசாங்கத்துக்குப் போவது.

இரண்டாவது, தாராளவாதம். நாட்டாமை இல்லாவிட்டாலும், சேர்ந்து ஏற்படுத்திய அமைப்புகளுக்கு ஒரு பலன் உண்டு என்று சொல்வது. சண்டை போட்ட இரண்டு பேருக்கும் நிறுத்த ஆசைதான். ஆனால் நான் துப்பாக்கியைக் கீழே வைத்ததும் நீ சுடமாட்டாய் என்று என்ன நிச்சயம்? நடுவில் மூன்றாவது ஆள் ஒருவர் நின்றால் அந்தப் பயம் குறையும். வர்ஜீனியா பேஜ் ஃபோர்ட்னா 2008-இல் வெளியிட்ட ஆய்வு இதைப் புள்ளிவிவரத்தோடு காட்டியது. அமைதிப்படை சுலபமான இடங்களுக்குப் போவதில்லை, சிக்கலான இடங்களுக்குத்தான் போகிறது. அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தால், அது போன நாடுகளில் சண்டை திரும்பவும் மூளும் வாய்ப்பு நன்றாகவே குறைகிறது. நமீபியா, மொசாம்பிக், சியரா லியோன், லைபீரியா என்று உதாரணம் சொல்லலாம். செய்தித்தாளில் தோல்விகள் மட்டும்தான் வரும். மூளாத சண்டையைப் படம் பிடிக்க முடியாதே.

மூன்றாவது, கட்டமைவுவாதம். அரசுகளின் 'நலன்' என்பது கல்லில் வெட்டியது அல்ல. எது முறை, எது அவமானம் என்று உலகம் பேசிப்பேசி ஏற்படுத்திக்கொள்வதிலிருந்து அந்த நலனே உருவாகிறது என்பது அலெக்சாண்டர் வெண்ட் வகையறாவின் வாதம். இதற்கு அமைதிகாப்பே நல்ல சாட்சி. ஐ.நா. சாசனத்தில் அமைதிகாப்பு என்ற சொல்லே கிடையாது. சமரசம் பேசுவது ஆறாம் அத்தியாயம், படை கொண்டு தடுப்பது ஏழாம் அத்தியாயம். இது இரண்டுக்கும் நடுவில் 'ஆறரை' என்று டாக் ஹாமர்ஷெல்ட் சொன்னதாகச் சொல்வார்கள். 1956-இல் சூயஸ் நெருக்கடியின்போது அவசரத்துக்குக் கட்டிய பந்தல் அது. அதற்குள்ளிருந்துதான் சம்மதம், நடுநிலை, தற்காப்புக்கு மட்டும் ஆயுதம் என்ற மூன்று விதிகளும் வந்தன. 1999-இல் சியரா லியோனுக்குப் படை அனுப்பியபோதுதான், கண்முன்னே ஆபத்தில் இருக்கும் பொதுமக்களைக் காப்பாற்றுவதும் உன் வேலை என்று ஆணையில் முதல்முறையாக எழுதினார்கள்.

மாணவன் இதையெல்லாம் எழுதியிருந்தான். பதினொன்று போட்டிருந்தேன்.

*

அண்ணன் சொன்னதை இங்கே எழுதுவதற்கு ஒரு நிபந்தனை போட்டார். எந்த நாடு, எந்த வருஷம், எந்த யூனிட் எதுவும் வரக்கூடாது. "ஆப்பிரிக்காவுல ஒரு நாடுன்னு போடு. போதும்."

சின்ன முகாம். சுற்றிலும் மண் நிரப்பிய கம்பிவலைத் தடுப்பு, அதற்கு மேல் முள்கம்பி, நாலு மூலையில் சென்ட்ரி போஸ்ட், முன்னால் ஒரு இரும்புக் கேட். அண்ணனுக்கு சிக்னல் அறையில் ட்யூட்டி. அந்த அறையில் இரண்டு இணைப்புகள். ஒன்று ஐ.நா. தலைமையகத்துக்கு. இன்னொன்று நம்முடைய ஆட்களுக்கு. அது படிப்படியாக மேலே போய் டெல்லியில் முடியும்.

"ரெண்டு போன் பாப்பா. ரெண்டுலயும் உத்தரவு வரும். சாதாரண நாள்ல ரெண்டும் ஒண்ணையேதான் சொல்லும். தண்ணி லாரி வருது, டீசல் கணக்கு அனுப்பு, யாருக்கு மலேரியா."

ஒருநாள் சாயங்காலம் பக்கத்து ஊரில் துப்பாக்கிச் சத்தம். கொஞ்ச நேரத்தில் சாலையில் மக்கள். முந்நூறு பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறார். பெரும்பாலும் பெண்கள், பிள்ளைகள், தலையில் பாய், பாத்திரம், ஒரு கிழவி கையில் கோழி. கேட்டுக்கு வெளியே வந்து நின்றார்கள். யாரும் கத்தவில்லை. சும்மா நின்றார்கள்.

மேஜர் சிக்னல் அறைக்கு வந்தார். முதல் போனில் கேட்டார். விவரம் அனுப்புங்கள், மேலே கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். இரண்டாவது போனில் கேட்டார். நம்ம ஆட்களுக்கு ஒன்றும் ஆகக்கூடாது, அவசரப்படவேண்டாம், காத்திருங்கள் என்றார்கள்.

"ரெண்டு பேர் சொன்னதுலயும் தப்பு கிடையாது. அதை நீ எழுதணும். உள்ள விட்டா அவங்களைத் தேடிக்கிட்டு துப்பாக்கிக்காரன் வருவான். நாங்க எத்தனை பேரு? நூறு பேருகூட இல்ல. தண்ணி எங்களுக்கே ரெண்டு நாளைக்குத்தான். உள்ள விட்டப்புறம் வெளிய போன்னு சொல்லவும் முடியாது."

மேஜர் வெளியே போய் கேட் பக்கத்தில் நின்றார். திரும்பவும் வந்து இரண்டு போனிலும் கேட்டார். பிறகு யாருடைய பதிலும் வருவதற்கு முன்னால் வெளியே போய், திற என்றார். அண்ணன் லாக் புக்கில் எழுதினார். 17:50, பொதுமக்கள் கேட்டில். 18:10, கேட் திறப்பு.

"திறந்துட்டாரே அண்ணா. அப்புறம் என்ன?"

"அந்த இருபது நிமிஷத்துல கொஞ்சம் பேரு திரும்பிப் போயிட்டாங்க. திறக்கமாட்டாங்கன்னு நினைச்சு, வந்த ரோட்டுலயே போனாங்க. நாப்பது அம்பது பேரு இருக்கும். கோழி வச்சிருந்த அம்மா உள்ள வரல. நான் உள்ள வந்தவங்களைப் பூரா பார்த்தேன், அது இல்ல."

அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாது. நல்லபடியாகவும் போய்ச் சேர்ந்திருக்கலாம். மறுநாள் மேஜரை யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டு போனிலும் பாராட்டுத்தான் வந்தது. கண்ணாடி அலமாரியில் இருக்கும் ஐ.நா. மெடலை அண்ணி மாதம் ஒருமுறை துடைத்து வைக்கிறாள்.

"இப்ப சொல்லு. அந்த இருபது நிமிஷத்துக்கு உன் புக்ல எது தியரி?"

*

எனக்குக் கோபம் வந்தது என்பதுதான் உண்மை. பன்னிரண்டு வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிற பாடத்தை ஒரு கேள்வியில் கவிழ்த்துவிட்டாரே என்று. அதனால் வாத்தியார் தோரணையில் பதில் சொன்னேன். ஒரு வேலைக்காரனுக்கு இரண்டு எஜமானர்கள் இருந்தால், இருவருடைய நோக்கமும் வேறுவேறாக இருந்தால், வேலைக்காரன் எந்தப் பக்கமும் தண்டனை வராத வழியைத் தேர்ந்தெடுப்பான், அதாவது ஒன்றும் செய்யாமல் இருப்பான் என்று ஒரு கோட்பாடு இருக்கிறது என்றேன்.

"இதுக்குத் தியரி எதுக்கு? ரெண்டு மாமியாருக்கு ஒரு மருமகன்னு சொன்னா போதாதா?" என்றார் அண்ணன்.

போதும்தான். ஆனால் அந்த இரண்டாவது போன் அண்ணனுடைய முகாமில் மட்டும் இருந்ததல்ல. ஐ.நா.வின் உள் மேற்பார்வை அலுவலகம் 2014 மார்ச்சில் ஓர் அறிக்கை கொடுத்தது. பொதுமக்களைக் காக்கும் ஆணை பெற்ற எட்டுப் படைகளை எடுத்துக்கொண்டு, 2010 முதல் 2013 வரை மக்கள் தாக்கப்பட்டதாகப் பதிவான 507 சம்பவங்களைப் பார்த்தார்கள். உடனடியாகச் செயல்பட்டது 101 இடத்தில், அதாவது ஐந்தில் ஒன்று. காரணங்களில் முக்கியமாக அவர்கள் சொன்னது இந்த இரட்டை உத்தரவு வரிசையைத்தான். காகிதத்தில் படைத் தளபதிக்குக் கட்டுப்பட்டவன். நடைமுறையில் சொந்தத் தலைநகரைக் கேட்காமல் துப்பாக்கியைத் தூக்கமாட்டான்.

இதை யதார்த்தவாதம் ஒரே வரியில் விளக்கிவிடும். எந்த அரசும் தன் சேனையை முழுதாக அடுத்தவனுக்குத் தாரைவார்க்காது. சரி. ஆனால் அது விளக்குவது காத்திருந்ததை மட்டும்தான். 18:10-க்கு மேஜர் ஏன் திறந்தார் என்பதற்கு அதில் பதில் இல்லை. அவருக்கு அதில் லாபம் ஏதும் இல்லை. நஷ்டப்பட எல்லா வாய்ப்பும் இருந்தது.

*

சென்னைக்குத் திரும்பியதும் மைக்கேல் பார்னெட்டின் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். ருவாண்டா இனப்படுகொலையின்போது ஐ.நா. என்ன செய்தது என்பதைப் பற்றி 2002-இல் வந்த புத்தகம். பார்னெட் ஒரு பேராசிரியர், கட்டமைவுவாதி. 1993-94-இல் நியூயார்க்கில் ஐ.நா.வுக்கான அமெரிக்கத் தூதுக்குழுவில் வேலை பார்த்தவர். அதாவது கோட்பாட்டாளர் ஒருவர் முதல் போனின் மறுமுனையிலேயே உட்கார்ந்திருந்தார். அந்த நாட்களில் ஐ.நா. விலகியிருப்பதே சரி என்று தனக்கும் பட்டதை அவர் மறைக்கவில்லை. சோமாலியாவில் பட்ட அடி ஆறவில்லை, இன்னொரு தோல்வி வந்தால் அமைதிகாப்பு என்ற ஏற்பாடே கவிழ்ந்துவிடும் என்று அந்தக் கட்டடத்தில் எல்லோரும் நம்பினார்கள். கெட்டவர்கள் கூடிச் சதி செய்ததால் அது நடக்கவில்லை. நிறுவனத்தைக் காப்பாற்றுவதே தர்மம் என்று நல்லவர்களும் நம்பத் தொடங்கியதால் நடந்தது என்கிறார். போன முறை படித்தபோது இதை 'நிறுவனப் பண்பாடு' என்று அடிக்கோடு போட்டு வைத்திருந்தேன். இம்முறை 17:50 என்று ஓரத்தில் எழுதினேன்.

அந்தக் கட்டடத்துக்கு வெளியே நடந்தது தெரிந்த கதை. 1994 ஏப்ரல் 7-இல் பத்து பெல்ஜிய வீரர்கள் கொல்லப்பட்டார்கள். பெல்ஜியம் தன் படையைத் திரும்ப அழைத்தது. கிகாலியில் ஒரு தொழில்நுட்பப் பள்ளியில் முகாமிட்டிருந்த பெல்ஜிய வீரர்களை நம்பி ஏறக்குறைய 2,000 பேர் உள்ளே ஒண்டியிருந்தார்கள். ஏப்ரல் 11 அன்று வீரர்கள் வண்டியேறிப் போனார்கள். அன்றே பெரும்பாலானவர்கள் கொல்லப்பட்டார்கள். பத்து நாள் கழித்து, சுமார் 2,500 பேர் இருந்த படையை 270 ஆகக் குறைக்கச் சொல்லிப் பாதுகாப்பு சபை தீர்மானம் போட்டது.

அதே கிகாலியில் இன்னும் இரண்டு பேரும் இருந்தார்கள். ஒருவர் கானா நாட்டு அதிகாரி ஹென்றி அனியிடோஹோ, படையின் துணைத்தளபதி. தன் அரசைக் கேட்டு முடிக்கும் முன்பே, நாங்கள் போகப்போவதில்லை என்று தளபதி ரோமியோ டலேரிடம் சொன்னவர். கானாவின் படை அங்கேயே நின்றது. இன்னொருவர் செனகல் நாட்டு கேப்டன் எம்பாயே தியாக்னே. ஆயுதம் இல்லாத பார்வையாளர். சோதனைச் சாவடிகளில் சிகரெட்டும் சிரிப்பும் கொடுத்துப் பேசிப்பேசி, வண்டியில் கொஞ்சம் கொஞ்சம் பேராக ஒளித்துக் கூட்டிப்போய் நூற்றுக்கணக்கானவர்களைக் காப்பாற்றினார். மே 31 அன்று குண்டுச்சிதறல் பட்டு இறந்தார். இருபது வருஷம் கழித்து, 2014-இல், அவர் பெயரில் ஐ.நா. ஒரு பதக்கத்தை ஏற்படுத்தியது.

செனகல் என்ற அரசின் நலன் எது என்று வால்ட்ஸைக் கேட்டால், இந்த மனிதர் கணக்கிலேயே வரமாட்டார். வால்ட்ஸ் மேல் தப்பில்லை; அவர் தனி மனிதர்களைப் பற்றி எழுதவில்லை என்று அவரே சொல்லிவிட்டார். நான்தான் அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

*

தியாக்னேயைச் சொல்லிவிட்டு, ஆகவே நல்ல மனசு இருந்தால் போதும் என்று முடித்துவிடலாம். அண்ணன் விடமாட்டார், தெற்கு சூடானும் விடாது.

2013 டிசம்பர் 15 இரவு ஜூபாவில் அரசுப்படைக்குள்ளேயே சண்டை வெடித்தது. காலையில் ஐ.நா. முகாம் வாசல்களில் ஆயிரக்கணக்கான மக்கள். படைக்குத் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் நார்வேயின் ஹில்டே ஜான்சன். கேட்டுகள் திறக்கப்பட்டன. அந்த முகாம்களில் ஒருகட்டத்தில் 2,00,000 பேர் வரை தங்கினார்கள். கிகாலிப் பள்ளிக்கூடத்து நினைவு உலக மனசில் ஒரு வடுவாகப் பதிந்திருக்காவிட்டால் அந்தக் கேட்டுகள் திறந்திருக்குமா என்று கேட்பேன் நான். கட்டமைவுவாதம் ஜெயிக்கும் இடம் இது. விதி மாறிவிட்டது, மூடுவது அவமானம் ஆகிவிட்டது.

நாலே நாள் கழித்து, டிசம்பர் 19 அன்று, ஜோங்லெய் மாநிலத்து அகோபோவில் இருந்த சின்ன முகாமை ஆயுதம் ஏந்திய சுமார் 2,000 இளைஞர்கள் தாக்கினார்கள். உள்ளே நாற்பது சொச்சம் இந்திய வீரர்கள். தஞ்சம் புகுந்திருந்த டிங்கா இனத்தவரைத் தேடி வந்த கூட்டம் அது. தஞ்சம் வந்தவர்கள் பலரும், இந்திய வீரர்கள் இருவரும் கொல்லப்பட்டார்கள். அதே வருஷம் ஏப்ரலில்தான் அதே ஜோங்லெயில் பதுங்கித் தாக்கியதில் ஐந்து இந்திய வீரர்கள் இறந்திருந்தார்கள். ஐ.நா. படைகளில் உயிரிழந்த இந்தியர்கள் இதுவரை ஏறக்குறைய 180 பேர். கேட்டைத் திற என்று பேப்பரில் எழுதுகிறவர்கள் அகோபோவையும் சேர்த்தே எழுதவேண்டும்.

திறந்துவிட்டால் முடிந்தது என்றும் இல்லை. பென்டியு முகாமில் மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் குழந்தைகளோடு நின்றார்கள் மக்கள். 2016 பிப்ரவரியில் மலக்கால் முகாமுக்குள்ளேயே தாக்குதல் நடந்து 25-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சுடுவதற்கு எல்லா அதிகாரமும் ஏற்கெனவே கையில் இருக்க, எழுத்துமூலம் உத்தரவு கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டு நின்றதும் நடந்தது என்று ஐ.நா.வின் விசாரணையே சொன்னது. அதைப் படித்தபோது அந்த அதிகாரி மேல் எனக்கு ஏனோ கோபம் வரவில்லை. அவர் அறையிலும் இரண்டு போன் இருந்திருக்கும்.

*

இதை வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தபோது பின்பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். அவளுடைய தாத்தா பாட்டி 1990-இல் மன்னாரிலிருந்து படகில் வந்தவர்கள். முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளை. "மிஸ், நீங்க அமைதிப்படைன்னு சொல்லும்போதெல்லாம் எங்க வீட்ல வேற அர்த்தம்" என்றாள்.

எங்கள் வீட்டிலும்தான். பெரியப்பா, அதாவது அண்ணனுடைய அப்பா, 1987-இல் யாழ்ப்பாணம் போனவர். ஐ.நா. படை அல்ல அது. ஜூலை 29 அன்று இரண்டு அரசாங்கங்கள் கையெழுத்துப் போட்டன. சண்டை போட்டுக்கொண்டிருந்த புலிகள் அதில் கையெழுத்திடவில்லை. ஒப்பந்தத்தோடு பரிமாறிக்கொண்ட கடிதங்களில், இந்திய நலனுக்குப் பாதகமாகத் திருகோணமலைத் துறைமுகத்தை வேறு நாட்டுப் படைகளுக்குக் கொடுக்கக்கூடாது என்பதும் இருந்தது. யதார்த்தவாதத்துக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் பாடப்புத்தகத்துக்குக் கிடைக்காது. சம்மதம், நடுநிலை, தற்காப்புக்கு மட்டும் ஆயுதம் என்ற மூன்று விதிகளும் மூன்றே மாதத்தில் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. மாலை போட்டு வரவேற்ற ஊரில் அக்டோபரில் போர். அந்த மாதமே யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் நடந்தது, அந்த மாணவியின் வீட்டுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கிட்டத்தட்ட 1,200 இந்திய வீரர்களும் திரும்பவில்லை. 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை.

பெரியப்பா அதைப் பற்றிப் பேசியதே கிடையாது. ஒரே ஒருமுறை, அண்ணன் பட்டாளத்தில் சேரக் கிளம்பியபோது சொன்னாராம். "செக் போஸ்ட்ல என்னை மொழிபெயர்க்க நிறுத்தினாங்க. தமிழ் தெரிஞ்சவன்னு." அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாகும்வரை சொல்லவில்லை.

போனில் அண்ணனிடம் அந்த மாணவி கேட்டதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சொன்னார்: "அப்பா போன இடத்துல ஒரு போன்தான் பாப்பா. டெல்லி போன் மட்டும்தான். நான் போன இடத்துல ரெண்டு."

இத்தனை நாளும் அந்த இரண்டாவது போனை ஒரு கோளாறு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஐ.நா. அறிக்கையும் அப்படித்தான் பேசுகிறது. உத்தரவு ஒரே வாயிலிருந்து வந்தால் சீக்கிரம் வேலை நடக்கும் என்று. சீக்கிரம் நடக்கும், உண்மைதான். யாழ்ப்பாணத்தில் உத்தரவு ஒரே வாயிலிருந்துதான் வந்தது. ஒரே போன் இருக்கிறவனுக்கு அவன் நாடு சொல்வதுதான் முடிவு. வேறு யாரையும் கேட்க இடமில்லை. இரண்டு போன் இருக்கிறவன் தாமதிக்கிறான். ஆனால் நீ உன் நாட்டுச் சிப்பாய் மட்டுமல்ல என்று யாரோ ஒருவர் இன்னொரு முனையில் சொல்லிக்கொண்டும் இருக்கிறார். அந்த மேஜர் திறந்தது இரண்டு போனையும் மீறித்தான். என்றாலும், மீறுவதற்கு ஒரு துணிச்சலை அவருக்குக் கொடுத்தது அந்த முதல் போனுக்குப் பின்னால் இருந்த ஆணை, அதற்குப் பின்னால் இருந்த கிகாலி, அதன் வெட்கம். பொதுமக்களைக் காப்பது உன் வேலை என்று எங்கோ எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியும். எழுதியிருக்காவிட்டால் அவர் கருணை உள்ள மனிதர் மட்டும்தான். எழுதியிருந்ததால் கடமையைச் செய்த அதிகாரி. அடுத்தநாள் இரண்டு போனும் பாராட்டியது அதனால்தான்.

கோட்பாட்டுக்கு நான் கொடுக்கக்கூடிய மரியாதை இப்போது இவ்வளவுதான். கேட்டை அது திறக்காது. கேட்டைத் திறக்கிறவனுக்கு நாளைக்கு என்ன பெயர் கிடைக்கும் என்பதை அது பேசிப்பேசி மாற்றி வைக்கும். அது மாறியிருந்தால் இருபது நிமிடம் பத்து நிமிடம் ஆகலாம். திரும்பிப் போகிறவர்கள் கொஞ்சம் குறையலாம். இது சின்ன விஷயமில்லை என்று நினைக்கிறேன். அண்ணன் ஒப்புக்கொள்கிறாரா என்று தெரியவில்லை.

அந்தக் கேள்வியை இந்தப் பருவத்துக்கு மாற்றி எழுதியிருக்கிறேன். 17:50 முதல் 18:10 வரை நடந்ததைக் கொடுத்து, ஒவ்வொரு கோட்பாடும் எந்த நிமிடம் வரை உங்களுக்குத் துணை வருகிறது, எந்த நிமிடத்தில் கைவிடுகிறது என்று எழுதச் சொல்லப்போகிறேன். பதினைந்து மதிப்பெண்ணேதான்.

கட்டுரையை அனுப்புவதற்கு முன் அண்ணனுக்குப் போன் போட்டு முழுதாகப் படித்துக் காட்டினேன். வங்கி வாசலில் ட்யூட்டியில் இருந்தார். பின்னால் டோக்கன் நம்பர் கூப்பிடும் சத்தம் கேட்டது. முடித்ததும், ஒரு திருத்தம் என்றார்.

"பதினேழு அம்பது இல்ல பாப்பா. பதினேழு அம்பத்திரண்டு. லாக் புக்ல அப்படித்தான் எழுதினேன். பேச்சுல இருபது இருபதுன்னு வந்துடுச்சு."

"அப்ப பதினெட்டு நிமிஷமா? தலைப்பை மாத்தணுமாண்ணா?"

யோசித்தார்.

"வேணாம், இருக்கட்டும். வெளிய நின்னவங்க கையில வாட்ச் இல்ல."